கழற்றிப் போட்ட சக்கரங்கள்

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் கொள்முதல் அதிகாரியாக இருக்கிறேன். பேரிங், பெல்ட், ஸ்பிண்டில் முதல் மிஷின் துடைக்கிற துணி வரைக்கும் எது வாங்கினாலும் என் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒரு சாமான் வேண்டும் என்று கேட்டு வருகிற தாளின் கடைசிக் கட்டத்துக்கு ‘ஜஸ்டிபிகேஷன்’ என்று பெயர். எதற்காக இது வேண்டும், வாங்காவிட்டால் என்ன கெட்டுப்போகும் என்று அதில் எழுத வேண்டும். உருப்படியாக எழுதாத தாளைத் திருப்பி அனுப்புவதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமே உண்டு. எது வாங்கவும் மூன்று இடத்தில் விலை கேட்கச் சொல்வேன் என்பதால், முதுகுக்குப் பின்னால் மில்லில் என்னை ‘மூணு கொட்டேஷன்’ என்று சொல்வார்கள். தெரியாத மாதிரி இருந்துகொள்வேன். உள்ளுக்குள் அதை ஒரு பட்டமாகத்தான் வைத்திருந்தேன்.

இவ்வளவு கறாரான ஆள் தன் சைக்கிள் என்று வந்தபோது எப்படி நடந்துகொண்டான் என்பதுதான் இங்கே விஷயம். எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது. எழுதாமல் இருந்தாலும் அது குறையப்போவதில்லை.

சர்க்கரை எல்லையில் வந்து நிற்கிறது, தினமும் நடங்கள் என்றார் டாக்டர். நான் நடக்கவில்லை, ரோடு பைக் வாங்கினேன். ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார், ஒல்லி டயர். ஸ்டாண்டு, கேரியர், மட்கார்டு எதுவும் கிடையாது. வாங்கி வந்த அன்று பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “மிச்ச சாமான்லாம் பொறவு வருமா சார்?” என்று கேட்டார். அவர் வாய்முகூர்த்தமோ என்னவோ, மிச்ச சாமான்கள் மூன்று வருஷமாக வந்துகொண்டே இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து கிளம்புவோம். லாரிகளுக்குப் பயந்து மெயின் ரோட்டை விட்டுவிட்டு மம்சாபுரம் வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர் போய், பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டீ குடித்துவிட்டுத் திரும்புவது வழக்கம். தெம்பு இருக்கிறவர்கள் சுந்தரபாண்டியம் தாண்டி கான்சாபுரம் வரைக்கும் போய் வருவார்கள். எங்கள் கூட்டத்தில் பேண்டேஜ் துணி ஃபேக்டரி வைத்திருப்பவர் ஒருவர் உண்டு. வங்கி அதிகாரி ஒருவர், ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர். எல்லாரும் எனக்கு முன்னால் போய்விடுவார்கள். போய், மம்சாபுரத்தில் எனக்காக நிற்பார்கள். நான் சேர்ந்ததும் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். தண்ணீர் பாட்டிலை மூடிவிட்டு உடனே ஏறிவிடுவார்கள். அவர்கள் இளைப்பாறி முடித்திருப்பார்கள், எனக்கு அப்போதுதான் மூச்சு வாங்கும். கேலி பண்ணியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை.

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். எனக்குச் சைக்கிள் கோணலாகத் தெரிய ஆரம்பித்தது. முதலில் பெடலை மாற்றினேன். அப்புறம் சீட். அப்புறம் ஹேண்டில்பார், பின்பக்கத்து கியர். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் காரணம் தயாராக இருந்தது. இதில் இத்தனை கிராம் குறையும், அதில் கை நடுக்கம் குறையும், இது மேட்டில் கைகொடுக்கும் என்று மனைவியிடம் விளக்கம் சொல்லித்தான் வாங்குவேன். என் வயிற்றில் எத்தனை கிலோவைக் குறைக்கலாம் என்ற கணக்கு மட்டும் எந்தக் கட்டத்திலும் வரவில்லை. கழற்றிய சாமானைப் பழைய பேப்பரில் சுற்றிப் பரணில் போட்டுவிடுவேன். ஆகாது என்று தள்ளிய பொருளைக் கண்முன்னால் வைத்திருக்கக் கூடாது என்பது மில்லில் படிந்த பழக்கம்.

என் மனைவி ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளி ஆசிரியை. தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். பிறந்த ஊர் மம்சாபுரம். சின்னப் பெண்ணாக இருந்தபோது அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போனாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் செயினைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

“எனக்கும் ஒரு சைக்கிள் வாங்குவோமாங்க? ஞாயித்துக்கிழம நானும் ஒங்ககூட வாரேன்.”

“ஒனக்கு எதுக்கு?”

“ஓட்டணும்னு ஆசையா இருக்கு.”

“ஆசையெல்லாம் ஜஸ்டிபிகேஷன்ல வராது” என்றேன். மில்லில் சொல்லிச் சொல்லி வாயில் பழகிய பேச்சு. சிரித்துக்கொண்டுதான் சொன்னேன், அவளும் சிரித்தாள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் நான் செயினைக் கீழே வைத்துவிட்டு நிஜமாகவே விளக்க ஆரம்பித்தேன். மாசத்தில் எத்தனை நாள் ஓட்டுவாய், உனக்கு முட்டிவலி வேறு இருக்கிறது, இரண்டு வாரம் ஓட்டிவிட்டு மூலையில் போட்டால் என்ன ஆகும், எல்லாவற்றையும் யோசித்து அடுத்த வருஷம் பார்க்கலாம். அவள் முழுவதும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். மறுபடி கேட்கவே இல்லை. என் விளக்கம் அவளுக்கும் சரியென்று பட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அவளும் சம்பாதிக்கிறவள்தான். அவள் சம்பளம் வீட்டுக் கடனுக்கும் மகனின் ஹாஸ்டலுக்கும் போக வேண்டும் என்று முடிவு பண்ணி வைத்தது நான். என் சம்பளத்தில் வீட்டுச் செலவு போக மிச்சமாவதுதான் சைக்கிளுக்குப் போயிற்று. அதனால் அதை என் சொந்தப் பணம் என்று எண்ணிக்கொண்டேன். இந்த ஏற்பாட்டில் தவறு இருப்பதாக எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

பாக்கி இருந்தது சக்கரம். எடை குறைவான கார்பன் சக்கரத்தின் மேல் எனக்குக் கண். ஒரு ஜோடி வாங்குகிற காசில் நல்ல ஸ்கூட்டர் ஒன்று வாங்கிவிடலாம். வாரக்கணக்கில் மண்டையைக் குடைந்துகொண்டேன். நல்ல டயரும் சரியான காற்றும் இருந்தாலே பாதி வேலை முடிந்தது, அதற்கு மேல் போடுகிற காசுக்குக் கிடைக்கிற பலன் குறைந்துகொண்டே போகும் என்பது எனக்குத் தெரியாததில்லை. பேரிங்குக்கும் பெல்ட்டுக்கும் இதே நியாயத்தை வைத்து எத்தனையோ பேர் தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். முன்னால் போகிறவர்களோடு ஒட்டிப் போக வேண்டும் என்ற ஏக்கத்துக்கு முன்னால் அந்த நியாயம் நிற்கவில்லை.

ஒருநாள் சாப்பிடும்போது மனைவியே பேச்சை எடுத்தாள்.

“அந்தச் சக்கரத்தப் பத்தியேதான பேசிக்கிட்டு இருக்கீக. பேசாம வாங்கிப்போடுங்க.”

“வெல தெரியும்லா?”

“தெரியும். வாங்கணும்னு நெனச்சாச்சு, எம்புட்டு நாளைக்குத் தள்ளிப்போடுவீக?” என்றவள், சோற்றைப் பிசைந்துகொண்டே, “அப்ப பழச என்ன செய்வீக?” என்று கேட்டாள்.

“பரண்லதான் போடணும்.”

“ம்” என்றாள்.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் எல்லாரிடமும் சொன்னேன், எங்கள் வீட்டில் அவளே வாங்கச் சொல்லிவிட்டாள் என்று. வங்கி அதிகாரி, “குடுத்து வச்ச ஆளு சார் நீங்க” என்றார். அந்த வார்த்தையை வீடு வரைக்கும் சுமந்துகொண்டு வந்தேன்.

கார்பன் சக்கரம் வந்தது. மாட்டினேன். உருளும்போது ஒரு கம்பீரமான சத்தம் வரும். சத்தம் முன்னால் போயிற்று, நான் வழக்கம்போல் பின்னால்தான் வந்தேன். மம்சாபுரத்தில் அவர்கள் நிற்கிற இடமும் மாறவில்லை.

ஆயுத பூஜை வந்தது. மில்லில் பூஜையை முடித்துவிட்டுப் பொரியும் கடலையுமாக மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். வருஷா வருஷம் வண்டிகளைக் கழுவி, பொட்டு வைத்து வாசலில் வரிசையாக நிறுத்துவது அவள் வேலை. அன்றும் கார், என் மோட்டார் பைக், அதற்கடுத்து என் சைக்கிள், எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு நின்றன. என் சைக்கிளுக்குப் பக்கத்தில் நீலநிறத்தில் இன்னொரு சைக்கிள் நின்றது. அதற்கும் சந்தனம், குங்குமம், ஒரு முழம் சாமந்திப்பூ. யாரோ விருந்தாளி வந்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு ஹேண்டில்பாரில் சுற்றியிருந்த பச்சை டேப் கண்ணில் பட்டது. அது நான் என் கையால் சுற்றிய டேப். சீட் என்னுடையது. பெடல் என்னுடையது. பின்பக்கத்து கியர், போன மாதம் கழற்றிய சக்கரங்கள், எல்லாமே என்னுடையவை.

அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. அவள் பள்ளியின் விளையாட்டு ஆசிரியைக்கு ஒரு மகன். அவன் வேலை கிடைத்துச் சென்னைக்குப் போனபோது விட்டுவிட்டுப் போன சைக்கிள் அது. சக்கரம் கோணி, மேலே இருந்த மற்றதெல்லாம் துருவேறிக் கிடந்ததாம். சும்மாவே கொடுத்துவிட்டார்கள்.

“பரண்ல இருந்து ஒவ்வொண்ணா எடுத்துட்டுப் போயி பள்ளிக்கூடத்துப் பக்கத்துல இருக்க மெக்கானிக்குகிட்ட குடுத்தேன். எல்லாம் சேந்துருச்சு, சக்கரம் மட்டுந்தான் நின்னுச்சு. புதுசு வாங்கிப் போடுவமான்னு கேட்டாரு. வேண்டாம், எங்க வீட்டுலயே வரும், செத்த பொறுங்கன்னு சொல்லி வச்சிருந்தேன்.”

வாங்கிப்போடுங்க என்று அவள் அன்றைக்குச் சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஊரெல்லாம் நான் பீற்றிக்கொண்டது என் காதில் ஒரு தடவை கேட்டது.

“சக்கரத்த எப்படிக் கொண்டு போன?”

“சாக்குல கட்டி பஸ்லதான். டிரைவருக்குப் பின்னால வச்சுக்கிட்டேன். எங்கிளாஸ் பிள்ளைக ரெண்டு ஏறுச்சுக, என்ன டீச்சர் இதுன்னு ஒரே கேள்வி.”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா?”

“சொன்னா மூணு கொட்டேஷன் கேப்பீக” என்று சொல்லிச் சிரித்தாள்.

மில்லில் புழங்குகிற அந்தப் பெயர் என் வீட்டுக்குள் எப்போது வந்தது என்று தெரியவில்லை. நானும் சிரித்து வைத்தேன். உள்ளே போய்ப் பரணைப் பார்த்தேன். சுற்றி வைத்த பேப்பர்கள் மட்டும் மடித்து அடுக்கியிருந்தன.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவளும் வந்தாள். சுடிதார், கேன்வாஸ் ஷூ, மகனின் பழைய ஹெல்மெட். ஓட்டத் தெரிந்தவள் என்பது ஏறி உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. ஆனால் கொஞ்ச தூரம் போனதும் பெடலில் எழுந்து நின்றுகொள்வாள், உட்காருவாள், மறுபடி எழுந்திருப்பாள். சில இடங்களில் இறங்கி, “நீங்க போங்க, நான் செத்த நடந்து வாரேன்” என்பாள். பழக்கம் விட்டுப்போனதால் அசதி என்று நினைத்தேன். சொல்லப்போனால், அதில் எனக்கு ஒரு சின்ன வசதியும் இருந்தது. இப்போது கூட்டத்தார் எனக்காக நிற்கவில்லை, அவளுக்காக நிற்கிறார்கள். இப்படி நினைத்தவன் நான்தான் என்று எழுதுவதற்கே கை கூசுகிறது.

நாலைந்து வாரம் அப்படியே போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் டீக்கடையில் சைக்கிள்களைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றுகொண்டிருந்தோம். வங்கி அதிகாரி அவள் சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், இது ஒங்க பழைய ஹேண்டில்பார்தான? டேப்புகூட அதே பச்சை.”

“ஆமா” என்றேன்.

“சீட்டும் ஒங்களோடதுதான். சக்கரமும் அதுதான் போலயே.”

ஃபேக்டரிக்காரரும் குனிந்து பார்த்தார். ஓய்வுபெற்ற சுபேதாருக்கு எப்போதுமே கொஞ்சம் ஓங்கிய குரல். டீயை உறிஞ்சிவிட்டு, “அது சரி! சார்வாள் சாப்பிட்டு எந்திரிச்ச எலையில டீச்சருக்குச் சாப்பாடு போட்டுருக்காரு” என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். யார் மனதிலும் கெட்ட எண்ணம் இல்லை. என் மனைவியும் சிரித்தாள். “எல நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி” என்றாள். டீக்கடைக்காரர்கூடச் சிரித்தார். நான் மட்டும் பாதி டீயைப் பெஞ்சில் வைத்துவிட்டேன்.

ஏன் என்று சொல்ல வேண்டும். எங்கள் கல்யாணத்தன்று மம்சாபுரத்தில் பந்தி நடந்தபோது, மாப்பிள்ளை சாப்பிட்ட இலையில்தான் பெண் சாப்பிட வேண்டும் என்று இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் அவளை என் எச்சில் இலையில் உட்காரச் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இந்தக் காலத்தில் என்ன பழக்கம் இது என்று சத்தம் போட்டு, அந்த இலையை எடுக்கச் சொல்லி, புது இலை போட வைத்தேன். அதற்காக என் சித்தப்பா ஒருவர் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போனார். அன்றையிலிருந்து இந்தக் கதையை எத்தனை கல்யாண வீடுகளில் சொல்லியிருக்கிறேன் என்று கணக்கில்லை. அவள் பக்கத்தில் இருக்கும்போதே சொல்லியிருக்கிறேன். அவளைச் சாட்சிக்கு வேறு கூப்பிடுவேன்.

சுபேதாருக்கு இந்தக் கதை தெரியாது. வாயில் வந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். அவளுக்குத் தெரியும். அவள் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நான் எங்கே பார்த்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

வீட்டுக்குள் நுழைந்ததும், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னேன், “ஒனக்குப் புது சைக்கிள் வாங்கிருவோம். நல்லதா. இந்த வாரமே.”

“இப்ப எதுக்கு?”

“எல்லாரும் என்ன நெனப்பாங்க? எனக்கே ஒரு மாதிரியா போச்சு.”

அவள் ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். “ஒங்க வெக்கத்துக்கு மருந்தா எனக்குச் சைக்கிள் வேண்டாம். அது பாட்டுக்கு நல்லா ஓடுது. சீட்ட மட்டும் மாத்திக் குடுங்க. என்னால அதுல உக்கார முடியல” என்றாள்.

அந்த சீட்டை நான் எதற்காகக் கழற்றினேன் என்பது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. அவளிடம் அன்றைக்குச் சொன்ன காரணம் எடை. நிஜக் காரணம் வேறு. அது ஒடுங்கிய, கல் மாதிரியான சீட். அதில் ஒரே வாரம் உட்கார்ந்துவிட்டு, தொடையிடுக்கு புண்ணாகி, மில்லில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து வேலை பார்த்தேன். கூச்சத்தில் அதை யாரிடமும் சொல்லவில்லை, அவளிடமும் சொல்லவில்லை. அந்த சீட்டில்தான் அவள் இத்தனை வாரமும் மம்சாபுரம் ரோட்டில் என் பின்னால் வந்திருக்கிறாள். குளியலறை அலமாரியில் புண்ணுக்குப் போடுகிற களிம்பு ஒன்று புதிதாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். யாருக்கு என்று கேட்கவில்லை.

திங்கட்கிழமை மில்லிலிருந்து மதுரையில் உள்ள சைக்கிள் கடைக்குப் போன் செய்தேன். பெண்கள் உட்காருகிற மாதிரி நல்ல சீட் வேண்டும், விலையைப் பற்றிக் கவலை இல்லை என்றேன்.

“மேடம் ஹைட் என்ன சார்?”

“என் தோளுக்கு இருப்பாங்க.”

“வெயிட்?”

“ரொம்ப இல்ல.”

“எத்தன கிலோமீட்டர் ஓட்டுறாங்க? எந்த இடத்துல வலிக்குதாம்? முன்னாலயா, பின்னாலயா?”

எனக்குத் தெரியவில்லை. என் சைக்கிளில் ஹேண்டில்பார் அகலம், சீட்டின் உயரம், பெடலைத் தாங்குகிற கிராங்க்கின் நீளம், எல்லாம் மில்லிமீட்டர் சுத்தமாக எனக்கு மனப்பாடம். இருபது வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறவளின் உயரம் தெரியவில்லை. “சராசரியா ஒரு சைஸ் குடுங்களேன்” என்றேன்.

“சராசரின்னு ஒரு சீட்டு வர்றதில்ல சார்” என்றார் கடைக்காரர். அட்டைப்பெட்டி அட்டையை நாற்காலியில் போட்டு அவர்களை அழுத்தி உட்காரச் சொல்லுங்கள், எழுந்தால் உட்காருகிற எலும்பு பதிந்து இரண்டு பள்ளம் விழுந்திருக்கும், இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு என்று அளந்து சொல்லுங்கள், அதை வைத்துத்தான் சீட் கொடுக்க முடியும் என்றார். போனை வைத்தபோது எதிரில் ஒரு ஃபோர்மேன் தாளோடு நின்றுகொண்டிருந்தார். கடைசிக் கட்டத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் சந்தேகமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் பேரிங் வந்த பெட்டியில் ஒரு பக்கத்து அட்டையைக் கிழித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். கைக்குத் தோதாக ஸ்டீல் ஸ்கேலும் எடுத்துக்கொண்டேன். அவள் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. பேப்பர்களை ஓரமாக வைத்துவிட்டு எழுந்து வந்தாள். சாப்பாட்டு மேஜையின் மர நாற்காலியில் அட்டையைப் போட்டேன். சேலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்து, நான் சொன்ன மாதிரி காலைக் கொஞ்சம் தூக்கி அழுத்தினாள். உட்காரும்போது ஒரு கணம் முகத்தைச் சுளித்ததைப் பார்த்தேன்.

எழுந்தாள். அட்டையில் இரண்டு பள்ளங்கள் லேசாகத் தெரிந்தன. நான் தரையில் முட்டிபோட்டு உட்கார்ந்து ஸ்கேலை வைத்தேன்.

“இம்புட்டு வலிய வச்சுக்கிட்டு ஏன் அன்னைக்கே சொல்லல?” என்றேன்.

“சொன்னேனே. மொத ஞாயித்துக்கிழமயே சொன்னேன். பழகிரும்னு சொன்னீக.”

கோபமாகச் சொல்லவில்லை. நான் ஸ்கேலை நேராக வைத்திருக்கிறேனா என்று குனிந்து பார்த்துக்கொண்டே சொன்னாள். அப்படிச் சொன்ன ஞாபகம் எனக்குக் கொஞ்சமும் இல்லை. ஆனால் சொல்லியிருப்பேன். சைக்கிளில் போய்க்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்லியிருப்பேன்.

“எம்புட்டு வருது?” என்று கேட்டாள்.

அளவை ஏற்கெனவே பார்த்துவிட்டேன். தலையை நிமிர்த்த முடியவில்லை. ஸ்கேலை எடுத்து, திரும்பவும் வைத்து, இன்னொரு தடவை அளந்தேன்.